மெய்ஸ்கே வாசிக்கும் பதினோரு கேள்விகள்

மந்தாவு தீவில் வந்து இறங்குகிறவர்கள் கரையில் கால் வைப்பதற்குள் மெய்ஸ்கே அவர்களைப் பாதி எடைபோட்டு முடித்திருப்பாள். அங்கே படகுத்துறை கிடையாது. முழங்கால் தண்ணீரில் குதித்துத்தான் நடந்து வரவேண்டும். குதிப்பதற்கு முன் தண்ணீரைப் பார்க்கிறவன் ஒரு ரகம், படகுக்காரன் நீட்டும் கையைப் பார்க்கிறவன் ஒரு ரகம், செருப்பு நனையுமே என்று கவலைப்படுகிறவன் இன்னொரு ரகம். செருப்புக்காரர்களை அவள் முதல் நாளே ஆழத்துக்கு அனுப்ப மாட்டாள். இதிலெல்லாம் ஒரு விஞ்ஞானமும் இல்லை என்று கடை முதலாளி ஹெங்கி பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார். அவர் எதிர்க்கரையில் மனாடோ நகரத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார், கரையில் உட்கார்ந்திருப்பது நானல்லவா என்று மெய்ஸ்கே அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

வயது நாற்பத்தாறு. முதுகில் காற்றுச் சிலிண்டர் மாட்டி ஆட்களைக் கடலடிக்குக் கூட்டிப்போகும் அந்த ஸ்கூபா கடையின் முன்கூரைக்குக் கீழே, கடலைப் பார்த்துப் போட்ட மேசையில் பதினேழு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். மேசை மேல் வறுத்த வாழைக்காயும் மிளகாய்ச் சம்பலும் எப்போதும் இருக்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை. நாளைக்கு எந்தப் படகு எங்கே போகிறது, யார் வழிகாட்டி, யார் யார் விருந்தாளிகள் என்பதெல்லாம் அதில் அவள் கையெழுத்தில் இருக்கும். அவள் எழுதியதை அழிக்கிற தைரியம் தீவில் யாருக்கும் கிடையாது. ஹெங்கிகூட அவளிடம் கேட்டுவிட்டுத்தான் அழிப்பார்.

வருகிற எல்லாருக்கும் பெரிய சுவர்தான் வேண்டும். தீவுக்கு வடக்கே பவளத்திட்டு சட்டென்று முடிந்து, கடல் நேர்க்குத்தாக இறங்கும் இடம் அது. இணையத்தில் அதன் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்கள் விமானம் ஏறுகிறார்கள். கடைசியாக எப்போது இறங்கினாய் என்று மெய்ஸ்கே கேட்பாள். ஐந்து வருடத்துக்கு முன்னால் என்று பதில் வந்தால், பெரிய சுவரில் இந்த வாரம் நீரோட்டம் சரியில்லை என்று கூசாமல் சொல்லிவிட்டு, ஆமை வீடு என்று பெயர்பெற்ற, குளம் போல் கிடக்கும் இடத்துக்கு அனுப்புவாள். தம்பதிகள் வந்தால் புருஷனைத் துடுப்புக் காலணி அளவு பார்க்க உள்ளே அனுப்பிவிட்டு, உனக்கு நிஜமாகவே இறங்க வேண்டுமா என்று பெண்டாட்டியைக் கேட்பாள். பத்துக்கு ஆறு பேர் இல்லை என்பார்கள். அவர்களுக்குக் காலை ஏழு மணிக்கு, அலையில்லாமல் நீர் தெளிந்து நிற்கிற நேரத்தில், முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டு மேலாக மிதந்துவரும் ஸ்நோர்கெல் பயணம். திரும்பி வந்து, புருஷனை விட அதிகம் பார்த்ததாகப் பீற்றிக்கொள்வதும் அவர்கள்தான்.

ஸ்கூபாவுக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் உடல்நலத் தாள் ஒன்று நிரப்ப வேண்டும். பதினோரு கேள்விகள். மற்ற கடைகளில் தாளையும் பேனாவையும் நீட்டிவிடுவார்கள்; ஆட்களும் கடகடவென்று இல்லை, இல்லை, இல்லை என்று போட்டுத் தள்ளிவிடுவார்கள். ஒன்றில் ஆமாம் என்று போட்டாலும் டாக்டர் சீட்டு இல்லாமல் இறங்க முடியாதே. மெய்ஸ்கே தாளைக் கையில் கொடுப்பதில்லை. ஒவ்வொரு கேள்வியாக அவளே வாசிப்பாள். வாசித்துவிட்டு நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பாள். இல்லை என்ற சொல் வருவதற்கு முன் கண் ஒரு தரம் வேறு பக்கம் போனால் போதும், பேனாவை மூடிவிடுவாள். இருதயத்தில் ஸ்டென்ட் குழாய் வைத்ததை மறைத்த ஒரு நீதிபதியை இப்படித்தான் பிடித்தாள். ஏழாவது கேள்வியில் அந்த மனிதர் வியர்த்துவிட்டார்.

இத்தனைக்கும் அவள் ஒரு நாளும் கடலுக்குள் தலையை விட்டதில்லை. கண்ணில் உப்புத் தண்ணீர் பட்டால் எரிகிறதாம். அவளுக்குத் தெரிந்த கடலடி முழுவதும் நோல்டி சொன்னது. நோல்டி அவள் புருஷன், கடையின் தலைமை வழிகாட்டி. சாயங்காலம் காப்பியோடு உட்கார்ந்தால், எந்தப் பொந்தில் எந்த ஆமை படுத்திருக்கிறது, கடல்விசிறிப் பவளம் எங்கே ஒடிந்திருக்கிறது, கடற்குதிரை எந்தக் கிளைக்கு இடம் மாறிவிட்டது என்று அவளிடம் ஒப்பிக்க வேண்டும். ஏனோதானோவென்று சொன்னால் விடமாட்டாள், வாயைக் கிளறிக் கிளறிக் கேட்பாள். மறுநாள் அதையே விருந்தாளிகளிடம், தான் போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரி அடித்துச் சொல்வாள். எல்லாரிடமும் குறைவாகப் பேசுகிற நோல்டி வீட்டில் இவ்வளவு பேசுகிறான் என்று வெளியே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவளுக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

அந்தச் சனிக்கிழமை நோல்டி மூன்று முறை இறங்கி ஏறியிருந்தான். மூன்றாவது முறை எல்லாரும் படகேறிய பிறகு, தேனிலவுக்கு வந்திருந்த ஒரு பெண், மணிக்கட்டில் கட்டியிருந்த கேமராவைக் காணோம் என்று அழ ஆரம்பித்தாள். கல்யாணப் படமெல்லாம் அதில்தானாம். பாதிக் காற்று மிச்சமிருந்த ஒரு சிலிண்டரை மாட்டிக்கொண்டு நோல்டி தனியாக இறங்கினான். நாற்பது மீட்டருக்கும் கீழே, சுவரின் விளிம்பு ஒன்றில் கேமரா கிடந்தது. எடுத்துக்கொண்டு திரும்பும்போது காற்று தீரப்போகிற நிலை. வழியில் நின்று நின்று மெதுவாக ஏற வேண்டிய தூரத்தை ஒரே மூச்சாக ஏறிவிட்டான். வீட்டுக்கு வந்து கேமரா கிடைத்த கதையைச் சொன்னான். ஏறிய கதையைச் சொல்லவில்லை.

சொன்னதற்கே மெய்ஸ்கேவுக்குக் கோபம். அடுத்தவன் கல்யாணப் படத்துக்கு நீ உயிரை விடுவாயா என்று திட்டினாள். அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டான்.

"என்ன தோளு?"

"காத்து புகுந்துருச்சு. படகுல ஈரத்தோட உக்காந்துட்டு வந்தேன்ல."

அந்தத் தீவில் தலை வலித்தாலும் வயிறு உப்பினாலும் மூட்டு பிடித்தாலும் முதலில் சொல்வது அதுதான், உடம்பில் காற்று புகுந்துவிட்டது என்று. அதற்கு வைத்தியமும் எல்லா வீட்டிலும் ஒன்றேதான். மெய்ஸ்கே சட்டையைக் கழற்றச் சொன்னாள். முதுகில் தைலம் தடவி, வழவழத்துப்போன பழைய நாணயம் ஒன்றால் முதுகெலும்பிலிருந்து விலா வரைக்கும் அழுத்தி அழுத்திக் கீறினாள். கோடுகள் செக்கச்செவேலென்று எழும்பின. இடது தோள் பக்கம் கறுப்பே தட்டிவிட்டது. எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு காற்று என்பது கணக்கு. "பாத்தியா, எவ்வளவு இருந்திருக்கு" என்று அவளே அவனிடம் சொன்னாள். கை நிறைய வேலை செய்த திருப்தியோடு இஞ்சிக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே படகு எடுப்பதில்லை. எல்லாரும் சர்ச்சுக்குப் போனார்கள். நோல்டி தோள் பரவாயில்லை என்றான். மத்தியானம் புகையிட்ட சூரை மீனைப் பிய்க்கும்போது வலது கையாலேயே பிய்த்தான், இடது கை தூங்குகிறது, அதன் மேலேயே படுத்துவிட்டேன் போலிருக்கிறது என்றான். மெய்ஸ்கே இன்னொரு தரம் தைலம் தடவினாள். பிறகு பலகையில் திங்கட்கிழமைக்கு எழுதினாள். பெரிய சுவர், காலை எட்டரை, நோல்டி, போலந்துக்காரர்கள் நான்கு பேர். நான்கு பேரும் நூறு முறைக்கு மேல் இறங்கினவர்கள், நீரோட்டமும் அடங்கியிருந்தது, தேர்வில் ஒரு குறையும் இல்லை. வழிகாட்டியைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு மேசைக்கு எதிரே ஹந்தோயோ என்பவர் வந்து உட்கார்ந்தார். சுரபாயாக்காரர், பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சுத்தமான மனிதர். அவருக்கும் பெரிய சுவர்தான் வேண்டும். மெய்ஸ்கே தாளை எடுத்து வாசிக்க ஆரம்பித்தாள். ஆஸ்துமா இல்லை. காது வலி இல்லை. இருதயம் நன்றாக இருக்கிறது. ஒன்பதாவது கேள்விக்கு வந்தாள். கடலுக்கடியில் போய் வந்த பிறகு மூட்டு வலியோ, கை கால் மரத்துப்போவதோ எப்போதாவது இருந்ததுண்டா?

ஹந்தோயோ இல்லை என்றார். கண் வாழைக்காய்த் தட்டுக்குப் போய் வந்தது.

மெய்ஸ்கே பேனாவை மூடினாள். "ஐயா, என்கிட்ட காது குத்தாதீங்க."

அவர் சிரித்து ஒப்புக்கொண்டார். போன வருடம் வேறு தீவில் இறங்கிவிட்டு வந்து தோள் வலித்ததாம். அது ஒன்றுமில்லை, காற்று புகுந்துவிட்டது, மனைவி நாணயத்தால் கீறிவிட்டாள், இரண்டே நாளில் சரியாகிவிட்டது, இதையெல்லாமா தாளில் எழுதுவது என்றார்.

இதற்கு மெய்ஸ்கேவிடம் தயாராக ஒரு பதில் உண்டு. உள்ளூர் விருந்தாளிகள் மாதத்துக்கு இரண்டு பேராவது இதைத்தான் சொல்வார்கள், அவளும் சளைக்காமல் அதே பதிலைச் சொல்வாள். மனப்பாடம் என்பதால் யோசிக்காமலே வாய் திறந்துவிட்டது. "ஆழத்துக்குப் போய்ட்டு வந்து வர்ற வலிய காத்துன்னு சொல்லக்கூடாதுங்க ஐயா. பல்லு டாக்டரு, உங்களுக்குத் தெரியாததா? சீக்கிரமா மேல வந்துட்டா ரத்தத்துல குமிழி கட்டிக்கும். அதப் போயி நாணயத்தால கீறிக்கிட்டு இருந்தா கை மரத்துப்போயி..."

பேச்சு அங்கேயே நின்றது. முதுகுக்குப் பின்னால் திரும்பினாள். ஹந்தோயோ, அம்மா, என்ன ஆயிற்று என்று கேட்டார். கைக்கு எட்டிய தூரத்தில் அவள் பலகையே இருந்தது. அதில் அவள் கையெழுத்தில் நோல்டி என்று இருந்தது. பதினேழு வருடமாக ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் சொன்ன பேச்சு, மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு தடவைகூட வந்ததில்லை.

படகு இன்னும் கரையில்தான் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. போலந்துக்காரர்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நோல்டி கடைசிச் சிலிண்டரை வலது தோளில் வைத்துத் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தான். மெய்ஸ்கே எழுந்து போனாள். பருமனான உடம்பு, மணலில் ஓடினால் சிரிப்பாகத்தான் இருக்கும். அவள் ஓடினாள், யாரும் சிரிக்கவில்லை.

போகும்போதே அவளுக்கு ஒன்று தெரிந்திருந்தது. ஆட்களுக்கு முன்னால், உனக்கு உடம்பு சரியில்லை, இறங்காதே என்று சொன்னால் நோல்டி இறங்கியே தீருவான். இருபத்து நான்கு வருடமாக ஒரு முறைகூட விருந்தாளியைக் கரையில் உட்கார வைத்துவிட்டுப் படுத்ததில்லை என்பது அவனுக்குப் பெரிய விஷயம். குமிழி கட்டியது என்று முதலாளி காதில் விழுந்தால் வழிகாட்டி வேலை அன்றோடு போய்விடும் என்பதும் அவனுக்குத் தெரியும். அதனால் அவள் போலந்துக்காரர்களைப் பார்த்துத்தான் பேசினாள். பெரிய சுவரில் நீரோட்டம் எழுந்துவிட்டது, இன்றைக்கு ஆமை வீட்டில் ஸ்நோர்கெல் போய்வாருங்கள், நாளைக்குச் சுவர் என்றாள். அவர்கள் கடலைப் பார்த்தார்கள். கடல் எண்ணெய் ஊற்றினது போல் கிடந்தது.

நோல்டி சிலிண்டரைப் படகில் வைத்துவிட்டுத் திரும்பினான். நீரோட்டத்தைப் படிப்பதில் தீவிலேயே அவனை மிஞ்சின ஆள் கிடையாது. சங்கிர் மொழியில், விருந்தாளிகளுக்குப் புரியாதபடி கேட்டான்.

"நீரோட்டம் எங்கடி இருக்கு?"

"கையக் காட்டு."

அவன் வலது கையை நீட்டினான்.

"மத்தது."

"மெய்ஸ்கே, ஆளுங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும். மத்தது."

இடது கையைக் கொடுத்துவிட்டு, விருந்தாளிகள் சந்தேகப்படாமலிருக்க அவர்களைப் பார்த்துச் சிரித்தான். மெய்ஸ்கே அவன் சுண்டுவிரல் நுனியில் நகத்தை வைத்து அழுத்தினாள். அடுத்த விரலிலும் அழுத்தினாள். அவன் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

"அழுத்துறேன்" என்றாள்.

அவன் குனிந்து பார்த்தான். சுண்டுவிரலில் நகம் பதிந்து பிறைபோல் ஒரு பள்ளம் விழுந்திருந்தது, ரத்தம் எட்டிப்பார்த்தது. கையை இழுத்துக்கொள்ளவும் அவனுக்குத் தோன்றவில்லை. சனிக்கிழமை எப்படி ஏறினாய் என்று அவள் கேட்டாள். அப்போதுதான் சொன்னான்.

அதற்குப் பிறகு அவன் ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. கடையில் இருந்த ஆக்சிஜன் உருளையின் குழாயை அவன் மூக்கில் மாட்டி, அதே படகில் படுக்க வைத்து மனாடோவுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு மணி நேரம். போலந்துக்காரர்கள் இன்னொரு வழிகாட்டியோடு ஆமை வீட்டில் மிதந்துவிட்டு வந்து, பதினான்கு ஆமை பார்த்தோம், மெய்ஸ்கேவின் யோசனை பிரமாதம் என்று விருந்தினர் புத்தகத்தில் எழுதிவைத்துவிட்டுப் போனார்களாம். ஹந்தோயோவை அவள் மறந்தே போனாள். அந்த மனிதர் சாயங்காலம் வரைக்கும் மேசைக்கு முன்னால் காத்திருந்து பார்த்துவிட்டு, எந்தப் பயணத்துக்கும் போகாமல் குளிக்கப் போய்விட்டார்.

நகரத்து மருத்துவமனையில், படுக்கவைத்த தண்ணீர்த் தொட்டி போல ஓர் இரும்பு அறை இருக்கிறது. ஆளை உள்ளே விட்டு அழுத்தத்தை ஏற்றி, மெதுவாக இறக்குவார்கள். உள்ளே அனுப்புவதற்கு முன் டாக்டர் சட்டையைக் கழற்றச் சொன்னார். சின்ன வயதுப் பெண். முதுகில் இருந்த கோடுகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, இதை யார் செய்தது என்று கேட்டாள்.

"நான்தான்" என்றாள் மெய்ஸ்கே.

"எப்போ?"

"சனிக்கிழமை சாயங்காலம். நேத்தும் தைலம் தடவுனேன்."

டாக்டர் அதை எழுதிக்கொண்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் மெய்ஸ்கேவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அன்றைக்கே வந்திருந்தால் நல்லது, இன்றைக்கு இன்னொரு தரம் இறங்கியிருந்தால் கால் இரண்டும்கூடப் போயிருக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த தாளை எடுத்தாள். மெய்ஸ்கே முதல் பாதியை மட்டும்தான் காதில் வாங்கினாள்.

நான்கு நாளில் ஐந்து முறை அவனை அந்த அறைக்குள் விட்டு எடுத்தார்கள். அந்த நேரமெல்லாம் மெய்ஸ்கே வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கதவில் தட்டளவுக்கு ஒரு கண்ணாடி உண்டு. எழுந்து நின்றால் அவன் பாதம் மட்டும் தெரியும். தோள் வலி முதல் முறையிலேயே விட்டது. கை மெதுவாகத் திரும்பியது, சுண்டுவிரலையும் அதற்கடுத்ததையும் தவிர. அவை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றாள் டாக்டர். எப்படியானாலும் ஸ்கூபா இனிமேல் கிடையாது. அதைச் சொல்லும்போது நோல்டி தலையாட்டினான். எதற்கும் தலையாட்டுகிற ஆள் அவன் இல்லை. மெய்ஸ்கே வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் படகில் திரும்பினார்கள். மேல்விதானத்துக்குக் கீழே இரண்டு பேர் மட்டும். நோல்டி நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தான். இடது கையில் மூன்று விரல்தான் உரித்தன, மற்ற இரண்டும் சும்மா பக்கத்தில் நின்றன. தீவு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. ஹெங்கி என்ன சொன்னார் என்று அவன் கேட்டான். மிதக்கிற ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற வேலையைத் தருவதாகச் சொன்னார், வேண்டுமானால் செய்யலாம் என்று மெய்ஸ்கே சொன்னாள். அவன் சரி என்றான். கடலை ஓட்டைத் தண்ணீரில் போட்டான்.

"அந்த சுரபாயாக்காரர் மட்டும் வராம இருந்திருந்தா?" என்றான்.

மெய்ஸ்கே தீவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஊருல உள்ளவன் எல்லாரையும் உக்கார வெச்சு பதினோரு கேள்வி கேக்குற. என்ன ஒரு நாளும் கேட்டதில்ல நீ." குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. இப்போதுதான் தோன்றியது போலச் சொன்னான்.

"கேட்டிருந்தா உண்மையச் சொல்லிருப்பியா?"

நோல்டி நேர்மையாக யோசித்தான். ஒரு கடலையை உரித்து முடிக்கிற நேரம் எடுத்துக்கொண்டான்.

"இல்ல. ஒண்ணுமில்லன்னுதான் சொல்லிருப்பேன்."

"தெரியும்" என்றாள் மெய்ஸ்கே. "ஆனா நீ சொல்றப்ப உன் மூஞ்சிய நான் பாத்திருப்பேன்."

அவன் உரித்த கடலையை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள், சாப்பிடவில்லை.